மண் தடத்திலிருந்து மோன்சா வரை: மரியோ ஆண்ட்ரெட்டி எப்படி எல்லாக் காரிலும் ஜெயித்தார்?

இண்டியானாபொலிஸ் 500, டேடோனா 500, ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் ஆகிய மூன்றையும் வென்றவர் இதுவரை ஒருவர்தான்: மரியோ ஆண்ட்ரெட்டி. டேடோனாவை 1967இல் வென்றார், இண்டியானாபொலிஸை 1969இல், உலகப் பட்டத்தை 1978இல். இவற்றோடு செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் மூன்று வெற்றிகள், பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் ஒரு வெற்றி, அமெரிக்காவின் தேசிய இண்டிகார் (இண்டியானாபொலிஸில் ஓடும் வகைக் கார்) பட்டம் நான்கு முறை, மண் தடப் பந்தயங்களுக்கான தேசியப் பட்டம் ஒரு முறை. பட்டியல் இன்னும் நீளும்.

கார் பந்தயத்தை அவ்வளவாகப் பின்தொடராதவர்களுக்கு இதன் கனம் உடனே பிடிபடாது. எல்லாம் கார்தானே, எல்லாவற்றிலும் வேகமாக ஓட்டுவதுதானே வேலை என்று தோன்றும். ஆனால் டேடோனாவில் ஓடும் நாஸ்கார் வண்டி, அதாவது சாதாரணக் காரின் தோற்றம் கொண்ட அமெரிக்கப் பந்தய வண்டி, ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. 31 டிகிரி சாய்ந்த வளைவுகளில், முன்னால் போகும் காரின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு, அது காற்றைக் கிழித்துத் தரும் வழியில் இழுபட்டபடி மணிக்கணக்காக ஓட்ட வேண்டும். இண்டியானாபொலிஸில் கார் இலகுவானது, சக்கரங்கள் வெளியே தெரியும். தடத்தில் இருப்பது நான்கே வளைவுகள், நான்கும் இடப்பக்கம், சாய்வு மிகக் குறைவு. சிறு பிழைக்கும் சுவர் காத்திருக்கும். ஃபார்முலா ஒன்னில் இடமும் வலமும் மாறி மாறி வளைவுகள் வரும். ஒவ்வொரு சுற்றிலும் பல முறை கடுமையாகப் பிரேக் போட்டு, கியர் மாற்றி, மறுபடி வேகம் எடுக்க வேண்டும். நாகஸ்வரம் வாசிப்பவர் புல்லாங்குழலைக் கையில் எடுத்ததுபோல்தான் இது. மூச்சும் விரலும் பழகியவை, ஆனால் உதடு முதலிலிருந்து கற்க வேண்டும்.

பல வகைக் கார்களை ஓட்டுகிறவர் எதிலும் ஆழமாகப் போயிருக்க மாட்டார் என்று எளிதில் நினைத்துவிடுவோம். ஆண்ட்ரெட்டியின் வாழ்க்கையைக் கவனித்துப் படித்தால் நேர்மாறாகத்தான் தெரிகிறது. அவர் மண்ணிலும் ஓவல் எனப்படும் நீள்வட்டத் தடங்களிலும் கற்ற பாடங்களே, ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த ஓட்டுநர்களுக்குத் தெரியாத சில கருவிகளை அவர் கையில் கொடுத்தன. 1978 உலகப் பட்டத்துக்கு அந்தக் கருவிகளும் ஒரு காரணம். இந்தக் கட்டுரை அதைத்தான் விளக்கப் பார்க்கிறது.

மரியோவும் அவருடைய இரட்டைச் சகோதரர் ஆல்டோவும் 1940 பிப்ரவரி 28 அன்று இஸ்ட்ரியாவில் உள்ள மொன்டோனா என்ற மலையூரில் பிறந்தார்கள். அன்று அது இத்தாலி. இன்று குரோஷியா, ஊரின் பெயர் மோட்டோவுன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இஸ்ட்ரியா யூகோஸ்லாவியாவின் கைக்குப் போனது. 1948இல் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இத்தாலிக்குள் வந்து, டஸ்கனியின் லூக்கா நகரில் அகதி முகாமில் தங்கியது. ஏழு ஆண்டுகள் அங்கேதான் வாழ்க்கை. அந்தக் காலத்தில், 1954இல், சிறுவர்கள் இருவருக்கும் மோன்சாவில் இத்தாலிய கிராண்ட் பிரீயை, அதாவது ஃபார்முலா ஒன் பந்தயத்தை, பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஃபெராரி ஓட்டிய ஆல்பர்ட்டோ அஸ்காரிதான் மரியோவின் நாயகன். அன்று ஜெயித்தது மெர்சிடிஸில் வந்த ஃபாஞ்சியோ. ஆனாலும் மரியோவின் மனதில் நின்றவர் அஸ்காரி. அடுத்த ஆண்டு மே மாதம் அதே மோன்சாவில் கார் சோதனை ஒன்றின்போது அஸ்காரி இறந்தார். சில வாரங்களில் ஆண்ட்ரெட்டி குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. 1955 ஜூனில் நியூயார்க்கில் இறங்கியபோது அவர்களிடம் இருந்தது 125 டாலர்.

பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். அங்கே அரை மைல் நீள மண் பந்தயத் தடம் ஒன்று இருப்பதைச் சிறுவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். மோன்சாவில் பார்த்த நேர்த்தி அங்கே இல்லை. புழுதியும் இரைச்சலும் முட்டி மோதும் பழைய கார்களும்தான். ஆனால் கைக்கு எட்டியது அதுதான். பழைய ஹட்சன் கார் ஒன்றை வாங்கி, பிரித்து மறுபடி கட்டி, 1959இல் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலில் யார் ஓட்டுவது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் ஆல்டோவுக்கு விழுந்தது. அவர் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். அடுத்த வாரம் மரியோ ஜெயித்தார். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. பருவத்தின் கடைசியில் ஹாட்ஃபீல்ட் என்ற இடத்தில் ஆல்டோ விபத்தில் சிக்கி, மண்டையோடு உடைந்து, நினைவிழந்து கிடந்தபோதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. ஆல்டோ பிழைத்து, திரும்பவும் பந்தயத்துக்கு வந்தார். ஆனால் 1969இல் இன்னொரு மோசமான விபத்தோடு அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. ஒரே நாளில் பிறந்து, ஒரே காரில் தொடங்கி, தொடக்கத்தில் சம அளவில் ஜெயித்த இருவர். மரியோவின் சாதனைகளைப் பேசும்போது ஆல்டோவை விட்டுவிடுவது நியாயமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த மண் தடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தார் அல்லது கான்கிரீட் தடத்தில் ஒரு வளைவை எப்படி எடுப்பது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அது பெரும்பாலும் அடுத்த சுற்றிலும் செல்லும். மண்ணில் அப்படியில்லை. பந்தயத்துக்கு முன் தண்ணீர் தெளித்திருப்பார்கள். தொடக்கத்தில் மண் ஈரமாக, டயரைப் பிடித்து இழுக்கும் பதத்தில் இருக்கும். கார்கள் ஓட ஓட ஈரம் காயும். ஒரு பாதை மட்டும் அழுந்தி, கறுத்து, வழுக்கத் தொடங்கும். தளர்ந்த மண் வெளிப்பக்கம் போய்க் குவியும். சில சமயம் அந்தக் குவியலில் வலப்பக்கச் சக்கரத்தை அண்டக்கொடுத்து ஓட்டுவதே வேகமான வழியாகிவிடும். பத்துச் சுற்றுக்கு முன் சரியாக இருந்த பாதை இப்போது தவறு. இன்னும் பத்துச் சுற்றில் மறுபடி வேறு.

காரைத் திருப்பும் முறையும் வேறு. வளைவுக்குள் நுழைந்ததும் பின்பகுதி வெளியே சறுக்கும். ஓட்டுநர் அதைத் தடுப்பதில்லை, வேண்டுமென்றே சறுக்கவிடுகிறார். கார் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், முன்சக்கரங்களோ வலப்பக்கம் பார்த்திருக்கும். எவ்வளவு திரும்புவது என்பதை ஸ்டியரிங்கைவிட ஆக்ஸிலரேட்டரில் இருக்கும் கால்தான் முடிவு செய்கிறது. 1960களின் தொடக்கத்தில் இந்தக் கார்களுக்கு மேலே பாதுகாப்புக் கூண்டு கிடையாது. உருண்டால் உயிர் போகும், பலருக்குப் போனது. ஆண்ட்ரெட்டி மிட்ஜெட் என்ற சிறு கார்களிலும், பிறகு ஸ்பிரிண்ட் கார்களிலும் இதே தடங்களில் ஆண்டுக்கணக்காக ஓட்டினார். 1963இல் ஒரே நாளில், இரு வேறு தடங்களில், மூன்று மிட்ஜெட் பந்தயங்களை ஜெயித்ததுதான் அவரைப் பெரிய அணிகள் திரும்பிப் பார்க்கக் காரணமாக இருந்தது.

இந்தப் பயிற்சி அவருக்குத் தந்தது என்ன? முதலாவது, கார் பிடி இழப்பதைப் பற்றிய பயமின்மை. இரண்டாவது, முக்கியமானது: தடம் எப்படி மாறப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்து, அதற்கேற்ப காரை அமைக்கும் பழக்கம். பந்தயம் தொடங்கிய பிறகு எதையும் மாற்ற முடியாது. ஆகவே இப்போது நன்றாக ஓடும் காரைவிட, கடைசிப் பத்துச் சுற்றில் நன்றாக ஓடப்போகிற காரைத்தான் கட்ட வேண்டும். டயரில் எவ்வளவு காற்று, எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை, எந்த ஸ்பிரிங் இறுக்கம் என்றெல்லாம் ஓட்டுநரே யோசிக்கக் கற்றுக்கொண்டார்.

1965இல் கிளின்ட் பிராவ்னர் என்ற அனுபவசாலி நடத்திய அணிக்காக இண்டியானாபொலிஸில் முதல்முறை ஓட்டி மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான். அதே ஆண்டு தேசிய சாம்பியனும் ஆனார், 25 வயதில். 1966இல் மறுபடி சாம்பியன். அன்றைய அமெரிக்க தேசியப் போட்டியே பலதுறைத் திறனைச் சோதிக்கும் பரீட்சையாக இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே பட்டத்துக்கான புள்ளிகள் தார் ஓவலிலும், ஒரு மைல் மண் தடத்திலும், இருபுறமும் வளைவுள்ள சாலைத் தடத்திலும் கிடைத்தன. 1969இல் பைக்ஸ் பீக் மலையேற்றமும் அந்தக் கணக்கில் இருந்தது: சுமார் 20 கிலோமீட்டர் சரளைக்கல் பாதை, 156 வளைவுகள், முடிவுக்கோடு கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டர் உயரத்தில், ஓரத்தில் தடுப்பு இல்லாத பள்ளம். ஆண்ட்ரெட்டி அதை ஜெயித்தார், அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தையும் ஜெயித்தார். 1970க்குப் பிறகு மண் தடப் பந்தயங்கள் தனிப் போட்டியாகப் பிரிந்துபோயின. அவர் வளர்ந்தது அந்தப் பிரிவினைக்கு முன். இது ஒரு நல்ல நேரம், அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம்.

1967 டேடோனா 500 நாஸ்கார் உலகத்துக்கு அதிர்ச்சி. தெற்கு மாநிலங்களின் ஓட்டுநர்கள் ஆண்டு முழுக்க ஓட்டும் வண்டி அது. ஆண்ட்ரெட்டி அங்கே எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. ஆனால் ஹோல்மன் மூடி அணியின் ஃபோர்ட் ஃபேர்லேனில் 200 சுற்றில் 112 சுற்று முன்னணியில் இருந்து ஜெயித்தார். பின்பகுதி சறுக்கலாகத் தளர்ந்திருக்கும்படி காரை அமைத்து, சாய்ந்த வளைவில் மற்றவர்கள் பார்க்கவே அஞ்சிய விதத்தில் ஓட்டினார். மண் தடக்காரருக்கு அது வழக்கமான நிலை. சில வாரங்களில் புரூஸ் மெக்லாரனோடு சேர்ந்து செப்ரிங் 12 மணி நேரத்தை ஃபோர்ட் மார்க் ஃபோரில் ஜெயித்தார். ஒன்றில் தனியாக, மூடிய பெரிய வண்டியில். இன்னொன்றில் கூட்டாளியோடு, மெக்கானிக்குகள் கட்டிய காரை முழு நாளும் உடையாமல் காப்பாற்றி. இரண்டுக்கும் வேண்டிய மனநிலையே வேறு.

1969 இண்டியானாபொலிஸ் வெற்றியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால்: ஓட்ட வேண்டிய நான்குசக்கர இயக்க லோட்டஸ் (பிரிட்டிஷ் நிறுவனம்) கார் பயிற்சியில் சக்கரம் கழன்று சுவரில் மோதித் தீப்பிடித்தது. முகத்தில் தீக்காயம். முன்வரிசையில் தொடங்குவோரை எடுக்கும் படத்துக்கு அவருக்குப் பதிலாக ஆல்டோ போய் நின்றார். பழைய மாற்றுக் காரை எடுத்துக்கொண்டு மரியோ பந்தயத்தை ஜெயித்தார். 29 வயதில் கிடைத்த அந்த வெற்றி அங்கே அவருடைய கடைசி வெற்றியும் ஆகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஃபார்முலா ஒன்னுக்குள் அவர் நுழைந்த விதமே அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டுகிறது. 1968இல் லோட்டஸ் அதிபர் கோலின் சாப்மன் மோன்சாவில் கார் தந்தார். வெள்ளிக்கிழமை பயிற்சி முடித்துவிட்டு விமானம் ஏறி, மறுநாள் இண்டியானாவில் மண் தடப் பந்தயம் ஓட்டிவிட்டு, ஞாயிறு கிராண்ட் பிரீக்குத் திரும்பி வந்தார். 24 மணி நேரத்துக்குள் இன்னொரு பந்தயம் ஓட்டியவருக்கு அனுமதி இல்லை என்று சொல்லி அவரைத் தொடங்கவே விடவில்லை. அடுத்த மாதம் வாட்கின்ஸ் கிளெனில், தன் முதல் கிராண்ட் பிரீயிலேயே, மற்ற எல்லாரையும் விட வேகமான நேரம் எடுத்து முன்வரிசையில் முதலிடத்தில் நின்றார். 1971இல் ஃபெராரிக்காக முதல்முறை ஓட்டிய தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீயில் ஜெயித்தார். 1972இல் ஜாக்கி இக்ஸோடு சேர்ந்து ஃபெராரியின் ஸ்போர்ட்ஸ் காரில் டேடோனா, செப்ரிங், பிராண்ட்ஸ் ஹாட்ச், வாட்கின்ஸ் கிளென் என நான்கு நீண்ட பந்தயங்களை வென்றார். ஆனாலும் 1975 வரை ஃபார்முலா ஒன் அவருக்கு ஒரு பகுதி நேர வேலைதான். வருமானமும் ஒப்பந்தங்களும் அமெரிக்காவில் இருந்தன.

1976இல் அவர் ஓட்டிவந்த அமெரிக்க அணி லாங் பீச் பந்தயத்தோடு ஃபார்முலா ஒன்னை விட்டு விலகியது. சாப்மனின் லோட்டஸும் அப்போது சரிவில் கிடந்தது. இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் ஃபூஜியில், கொட்டும் மழையில். ஓட்டுநர்கள் ஜேம்ஸ் ஹன்ட்டுக்கும் நிக்கி லாடாவுக்கும் நடந்த பட்டப் போட்டிதான் எல்லாருக்கும் நினைவிருக்கும். பந்தயத்தை ஜெயித்தவர் ஆண்ட்ரெட்டி, இரண்டாவதாக வந்தவரைவிட ஒரு முழுச் சுற்று முன்னால். தடம் காயத் தொடங்கியதும் மழை டயர்கள் சூடாகித் தேய்ந்துவிடாமல் இருக்க, ஈரம் மிச்சமிருந்த இடங்களைத் தேடித் தேடி ஓட்டினார். நாசரேத்தின் புழுதியில் ஈரம் காய்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதல்ல.

லோட்டஸில் நடந்ததுதான் என் கணக்கில் இந்தக் கதையின் மையம்.

அப்போது சாப்மனின் ஆட்கள், குறிப்பாகப் பீட்டர் ரைட், காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாதிரிக் காரை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காரின் இருபுறமும் உள்ள பெட்டிகளின் அடிப்பகுதியைத் தலைகீழ் விமான இறக்கையின் வடிவில் செய்திருந்தார்கள். மாதிரியின் பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரையை நெருங்கியபோது, காரைக் கீழே அழுத்தும் விசை திடீரென்று கூடியது. காரணம் எளிது. அடியில் குறுகலான வழியில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கங்களை மூடி வெளிக்காற்று உள்ளே புகாமல் தடுத்தால் கார் தரையோடு உறிஞ்சப்படுகிறது. எடை கூடாமல் டயரின் பிடி மட்டும் கூடும். இதிலிருந்து 1977இல் லோட்டஸ் 78, 1978இல் லோட்டஸ் 79 வந்தன.

ஆனால் இந்த மாதிரிக் கார் யார் கையில் கொடுத்தாலும் தானாக ஜெயித்துவிடாது. புது வகைக் காரில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாத காலம் அது. கணினிப் பதிவுகள் இல்லை. ஓட்டுநர் இறங்கி வந்து சொல்வதுதான் தகவல். இங்கேதான் ஓவலில் கற்ற வித்தை வந்தது. அமெரிக்க ஓவல் கார்களில் வலது பின் டயரின் சுற்றளவை இடது பின் டயரைவிடச் சற்றுக் கூடுதலாக வைப்பார்கள். கார் தானாகவே இடப்பக்கம் திரும்ப விரும்பும். ஒரு மூலையின் ஸ்பிரிங்கை உயர்த்தி, அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே உள்ள எதிர்மூலையிலும் எடையைக் கூட்டும் முறையும் உண்டு. இடமும் வலமும் திரும்பும் தடத்தில் காரின் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பழக்கம். ஆண்ட்ரெட்டி அதை ஏற்கவில்லை. ஒரு தடத்தில் நேரத்தை அதிகம் தீர்மானிப்பவை சில வளைவுகள்தான்; அவை எந்தப் பக்கம் திரும்புகின்றனவோ அதற்கேற்பக் காரைக் கொஞ்சம் கோணலாக அமைக்கலாம் என்பது அவர் வாதம். டயர்களின் சுற்றளவை அளந்து பார்த்துப் பொறுக்கி எடுத்தார். குறுக்கு எடையை மாற்றினார். சாப்மனுக்கு அவருடைய பிடிவாதம் அவ்வப்போது எரிச்சல் தந்தாலும், கடிகாரம் ஆண்ட்ரெட்டியின் பக்கம்தான் பேசியது.

1977இல் வேறு எவரையும் விட அதிகமாக, நான்கு பந்தயங்களை ஜெயித்தார். ஆனால் எஞ்சின்கள் திரும்பத் திரும்ப உடைந்ததால் புள்ளிப் பட்டியலில் மூன்றாமிடம்தான் கிடைத்தது. மூன்று பந்தயம் மட்டுமே ஜெயித்த லாடா சாம்பியன். 1978இல் ஆறு வெற்றிகள். லோட்டஸ் 79 பெல்ஜியத்தின் சோல்டரில் முதல்முறை உலகப் பட்டப் பந்தயத்துக்கு வந்தபோது முதலிடத்திலிருந்து தொடங்கி, அங்கேயே முடித்தார். அதே மே மாதம் இண்டியானாபொலிஸில் தகுதிச் சுற்றும் நடந்துகொண்டிருந்தது. அவர் பெல்ஜியத்தில் இருந்ததால் இன்னொரு ஓட்டுநர் அவருடைய காரைத் தகுதி பெறவைத்தார். விதிப்படி அவர் 33 கார்களில் கடைசியாகத் தொடங்க வேண்டியிருந்தது, 12ஆவதாக முடித்தார். உலகப் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த ஆண்டில், ஐரோப்பாவில் வென்ற அடுத்த வாரம் அமெரிக்காவில் கடைசி வரிசையிலிருந்து ஓட்டச் சம்மதித்த மனிதர் அவர்.

அந்த ஆண்டு அவருடைய சக அணியினர் ஸ்வீடனின் ரோனி பீட்டர்சன். இயல்பான வேகத்தில் பீட்டர்சன் யாருக்கும் குறைந்தவரல்ல. சில நாட்களில் ஆண்ட்ரெட்டியைவிட வேகமாகவும் இருந்தார். இரண்டாம் ஓட்டுநர் என்ற ஒப்பந்தத்தில்தான் அணிக்குத் திரும்பியிருந்தார், அந்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார். பல பந்தயங்களில் ஆண்ட்ரெட்டியின் பின்னாலேயே, தாக்காமல், வந்து சேர்ந்தார். இதை வைத்து ஆண்ட்ரெட்டியின் பட்டத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காரை இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து செதுக்கியவர் ஆண்ட்ரெட்டி. பீட்டர்சன் வந்து ஏறியது அந்த உழைப்பின் பலன்மீது. அது பீட்டர்சனுக்கும் தெரியும், அதனால்தான் கசப்பில்லாமல் பின்னால் வந்தார் என்று நம்புகிறேன்.

1978 செப்டம்பர் 10, மோன்சா. ஆண்ட்ரெட்டி 63 புள்ளி, பீட்டர்சன் 51. பட்டத்துக்கு வேறு யாரும் போட்டியில் இல்லை. காலையில் பீட்டர்சனின் லோட்டஸ் 79 சேதமானதால் பழைய 78இல் ஏறினார். பின்வரிசைக் கார்கள் முழுதாக நிற்பதற்கு முன்பே தொடக்க விளக்கு எரிந்தது. குறுகிக்கொண்டே போகும் தடத்தில் கார்கள் மோதின. பீட்டர்சனின் கார் தடுப்பில் இடித்துத் தீப்பற்றியது. ஜேம்ஸ் ஹன்ட்டும் மற்றவர்களும் அவரை வெளியே இழுத்தார்கள். கால்களில் பல முறிவுகள், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றுதான் அன்று மாலை எல்லாரும் நினைத்தார்கள். மறுதொடக்கம் நடந்த பந்தயத்தில் ஆண்ட்ரெட்டி முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். முந்திக் கிளம்பியதற்காக ஒரு நிமிடத் தண்டனை, ஆறாமிடம், ஒரு புள்ளி. பட்டம் முடிவாகிவிட்டது. எலும்பு முறிவிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து அடைத்ததால் பீட்டர்சன் மறுநாள் காலை இறந்தார். அகதிச் சிறுவனாக அஸ்காரியைப் பார்த்த அதே தடத்தில் உலக சாம்பியன் ஆனவருக்கு, அதைக் கொண்டாட ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. துரதிர்ஷ்டவசமாக, கார் பந்தயம் என்பது இதுவும்தான் என்று அவர் சொன்னார். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? 1961இல் பில் ஹில் சாம்பியனானதும் இதே மோன்சாவில், சக அணியினர் வான் டிரிப்ஸ் இறந்த நாளில். அமெரிக்காவின் இரண்டு உலக சாம்பியன்களுக்கும் ஒரே விதி.

அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன்னில் அவர் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. மற்ற அணிகள் லோட்டஸின் யோசனையை எடுத்து இன்னும் நன்றாகச் செய்தன. லோட்டஸின் அடுத்த கார் சொதப்பியது. மொத்தம் 128 பந்தயங்கள், 12 வெற்றிகள், 18 முறை தொடக்க வரிசையில் முதலிடம். ஆனால் 1982 மோன்சாவை மட்டும் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு ஃபெராரி தன் ஓட்டுநர் கில் வில்னூவை இழந்திருந்தது, இன்னொரு ஓட்டுநர் பிரோனி படுகாயமடைந்திருந்தார். 42 வயது ஆண்ட்ரெட்டியை அழைத்தார்கள். அதுவரை பந்தயத்தில் ஓட்டியிராத அந்த டர்போ காரில் ஏறி, தகுதிச் சுற்றில் எல்லாரையும் விட வேகமாக ஓட்டி, பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். இத்தாலியர்கள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அமெரிக்காவுக்குத் திரும்பி, நடிகர் பால் நியூமனும் கார்ல் ஹாஸும் நடத்திய அணிக்காக 1984இல் இண்டிகார் பட்டத்தை வென்றார், 44 வயதில். 1993இல் ஃபீனிக்ஸில் 53 வயதில் ஜெயித்தார். இண்டிகார் பந்தயம் ஒன்றை வென்றவர்களில் மிக மூத்தவர் அவரே. மொத்தம் 52 இண்டிகார் வெற்றிகள். மகன் மைக்கேல் எதிராளியாகவும் பிறகு சக அணியினராகவும் ஓடினார். 1986இல் போர்ட்லாந்தில், தந்தையர் தினத்தன்று, கடைசி வளைவில் மைக்கேலின் காரில் எரிபொருள் தீர, முடிவுக்கோட்டில் மயிரிழையில் முந்தி ஜெயித்தார் அப்பா.

இண்டியானாபொலிஸ் மட்டும் திரும்பக் கிடைக்கவே இல்லை. 29 முறை ஓட்டினார், ஒரே வெற்றி. 1981இல் இரண்டாவதாக வந்தார்; முந்தக் கூடாத மஞ்சள் விளக்கின்போது, முதலாவதாக வந்த பாபி அன்ஸர் விதி மீறி முந்தினார் என்று மறுநாள் காலை வெற்றி ஆண்ட்ரெட்டிக்கு மாற்றப்பட்டது; அக்டோபரில் அதைத் திரும்ப எடுத்து அன்ஸரிடமே கொடுத்தார்கள். 1987இல் முதல் 177 சுற்றில் 170இல் முன்னணி. மற்றவர்களைவிட ஒரு சுற்றுக்கு மேல் முன்னால் இருந்ததால் எஞ்சினைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்தார். அந்தக் குறைந்த சுழற்சியில் எழுந்த அதிர்வே வால்வ் ஸ்பிரிங்கை உடைத்தது என்று பிறகு எஞ்சின் செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சாபம் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு காரின் எல்லையைத் தேடிப் போகிறவருக்கு அந்த எல்லை சில நேரம் காரின் பக்கமிருந்தே வந்து நிற்கும் என்பதுதான் நான் அதில் பார்ப்பது.

இன்று இப்படி ஒருவர் வர முடியுமா? திறமை இல்லாமல் போகவில்லை. ஃபெர்னாண்டோ அலோன்சோ இரண்டு முறை ஃபார்முலா ஒன் சாம்பியனான பிறகு 2018, 2019இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். 2019இல் டேடோனா 24 மணி நேரத்தையும் வென்றார். 2017இல் இண்டியானாபொலிஸில் 27 சுற்று முன்னணியில் இருந்தார், எஞ்சின் உடைந்தது. அதற்காக அந்த ஆண்டு மொனாக்கோ கிராண்ட் பிரீயையே அவர் விட வேண்டியிருந்தது. 1978இல் ஃபார்முலா ஒன் பருவம் 16 பந்தயங்கள், 2024இல் 24. அன்றைய ஓட்டுநர் வாரா வாரம் ஓடினால்தான் வருமானம். இன்று ஒரே அணி பெரும் சம்பளம் கொடுத்து, வேறெங்கும் போய்க் கையைக் காலை உடைத்துக்கொள்ளாதே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறது. பத்து வயதுக்கு முன்பே கோ-கார்ட்டில் தொடங்கி ஒரே படிக்கட்டில் ஏறி வருகிற பிள்ளைகள் மண்ணில் சறுக்கிப் பழக இடமே கிடையாது. பாதுகாப்பு கூடியது பெரும் நன்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேறு வேறு தடங்களில் கற்றதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் அந்த வழி அடைபட்டுவிட்டது. அது இழப்புதான்.

ஆண்ட்ரெட்டிக்குக் கடைசிவரை கிடைக்காதது லெ மான் ஒட்டுமொத்த வெற்றி. 1966இல் முதன்முதலில் அங்கே போனார். 1967இல் இரவில் பிரேக் பிடித்துக்கொண்டு கார் சுவரில் மோதியது. 1983இல் மகனோடு போர்ஷே 956 ஓட்டி மூன்றாமிடம். 1995இல், இண்டிகாரிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 55 வயதில், பாப் வோலெக், எரிக் ஹெலாரி இருவரோடும் ஒரு கூராஜ் காரில் வந்தார். தொடக்கத்தில் மெதுவான காரொன்றைத் தாண்டும்போது தடுப்பில் மோதி, பழுது பார்ப்பதில் பல சுற்றுகளை இழந்தார்கள். 24 மணி நேரம் முடிந்தபோது, ஜெயித்த மெக்லாரனுக்கு ஒரே ஒரு சுற்று பின்னால் இரண்டாமிடம். தங்கள் பிரிவில் முதலிடம். ஐந்து ஆண்டு கழித்து, 2000இல், 60 வயதில் மறுபடியும் லெ மான் போய் பானோஸ் காரில் ஓட்டினார்.